விளக்கை ஊதாதவர்கள்

பதினைந்து வருடம் கல்லறை வரைந்து பிழைத்தவன் நான். பழைய மகாபலிபுரம் சாலையில் ஒரு கம்பெனி. வெளிநாட்டுக்காரர்கள் செய்யும் வீடியோ கேம்களுக்குப் பின்னணிப் படங்கள் வரைந்து கொடுப்பது எங்கள் தொழில். கேம்களில் இருண்ட கேம் என்று ஒரு தனி வகை உண்டு. இடிந்த தேவாலயம், பாசி படர்ந்த கல்லறை, ஓயாத மழை, தூரத்தில் ஒற்றைத் தீப்பந்தம். பார்க்க அவ்வளவு அழகாக இருக்கும். ஆட உட்கார்ந்தால் இரண்டு அடிக்கு ஒரு தடவை உயிர் போகும். நாற்பது தடவை செத்து, நாற்பத்தோராவது தடவை அந்த ராட்சதனைச் சாய்க்கிறவனுக்கு ஒரு பரம திருப்தி கிடைக்கிறது. அந்தத் திருப்திக்காக உலகம் முழுக்க ஜனங்கள் ஆபீஸ் முடிந்து வந்து, கை கால் கழுவிக்கொண்டு, சாக உட்காருகிறார்கள். நானும் அந்தக் கூட்டம்தான். மூடுபனியை நான் நேரில் பார்த்தது ஊட்டியில் ஒரே ஒரு காலை. ஆனாலும் என் மூடுபனிக்குக் கம்பெனியில் நல்ல பெயர் இருந்தது.

நாற்பத்தொரு வயதில் எனக்கு ஞானம் பிறந்தது. அடுத்தவன் ஊர்க் கல்லறையை எத்தனை நாள் வரைவது, நம் ஊர் இருட்டை நாமே வரைந்தால் என்ன என்று தோன்றியது. இப்படித் தோன்றுகிறவர்களை அன்றைக்கே யாராவது உட்கார வைத்து, மோர் கொடுத்து, வீட்டுக்கு அனுப்பிவிட வேண்டும். எனக்குக் கிடைத்தவனோ அதே கம்பெனியில் புரோகிராமராக இருந்த நண்பன். ராயப்பேட்டைக்காரன். வீட்டில் உருது, வெளியில் சுத்தமான மெட்ராஸ் பாஷை. "வா மச்சி, நாமளே பண்லாம். இன்னா ஆய்டப் போவுது?" என்றான். இரண்டு பேரும் ஒரே நாளில் ராஜினாமா கொடுத்தோம். மேனேஜர் கைகுலுக்கி, "உங்க சீட் இங்கதான் சார் இருக்கும்" என்றார். அதை வாழ்த்து என்று எடுத்துக்கொண்டேன்.

என் மனைவி தி.நகரில் ஒரு பள்ளியில் பிசிக்ஸ் டீச்சர். வேலையோடு வேலையாக முனைவர் பட்டத்துக்குப் பதிவு செய்து, ஏதோ உப்புப் படிகங்களைப் பற்றிய சோதனைகளை எல்லாம் முடித்துவிட்டிருந்தாள். தீசிஸை எழுதிக் கொடுப்பது மட்டும் பாக்கி. அதற்காக ஒரு வருடம் சம்பளமில்லாத லீவு எடுக்கலாம் என்று இருந்தவளிடம் போய்த்தான் நான் ராஜினாமாக் கடிதத்தின் நகலைக் காட்டினேன். வீட்டில் ஒரு சம்பளமாவது வந்தாக வேண்டும். அவள் கத்தவில்லை. மாவு பிசைந்த கையைக் கழுவிக்கொண்டு வந்து ஒரு ஒப்பந்தம் போட்டாள். எனக்கு இரண்டு வருடம். இரண்டாவது பொங்கலுக்குள் என் கேமை வெளியிட ஒரு பதிப்பாளர் கையெழுத்துப் போட வேண்டும். போடாவிட்டால் நான் பழைய சீட்டுக்குப் போக வேண்டும். அவள் உடனே லீவு எடுத்து எழுத உட்காருவாள். பல்கலைக்கழகம் அவளுக்குக் கொடுத்திருந்த கடைசிக் கெடு அதற்கடுத்த ஜூன். அதைத் தாண்டினால் பதிவு ரத்து.

பதிப்பாளர் கையெழுத்துப் போட்டுவிட்டால் அவள் தீசிஸ் என்ன ஆகும் என்று இரண்டு பேரும் பேசவில்லை. நல்லது நடந்தால் மற்றதெல்லாம் தானாக நடந்துவிடும் என்பது என் நம்பிக்கை. அவள் நம்பிக்கை என்ன என்று நான் விசாரிக்கவில்லை.

கச்சேரி ரோட்டில் காப்பிப்பொடி அரைக்கும் கடைக்கு மேலே ஒரு அறை பிடித்தோம். எங்கள் கேமில் ஒரு பெண். கையில் அகல்விளக்கு. வற்றிய கோயில் குளத்தின் அடியில் ஒரு கதவு இருக்கிறது. அதைத் திறந்து இறங்குகிறாள். ஒன்றுக்குக் கீழ் ஒன்றாகப் புதைந்துபோன ஏழு கோயில்கள். எல்லாம் கறுப்பு மை. விளக்கின் வட்டத்துக்குள் மட்டும் கொஞ்சம் மஞ்சள், கொஞ்சம் குங்குமச் சிவப்பு. தூணுக்குத் தூண் யாளி. அந்த யாளிகளில் சிலவற்றுக்கு உயிர் உண்டு. அவை வெளிச்சத்தைப் பார்த்துத்தான் வரும். விளக்கு எரிந்தால் வழி தெரியும், யாளி வரும். விளக்கை ஊதிவிட்டால் யாளி வராது, வழியும் தெரியாது. ஆகவே வழியைப் பார்த்து மனத்தில் வைத்துக்கொண்டு, வாயால் ஊதி, இருட்டில் எண்ணி எண்ணி நடந்து, மறுபடி ஏற்ற வேண்டும். ஆட்டமே இவ்வளவுதான். இந்த யோசனை முழுக்க முழுக்க என்னுடையது என்பதை அந்த இரண்டு வருடத்தில் என்னைச் சந்தித்த ஒருவரும் தெரிந்துகொள்ளாமல் தப்பியதில்லை.

ஒரு யாளியின் பிடரிக்கு மூன்று வாரம் எடுத்துக்கொண்டேன். தினமும் காலையில் அறைக்கு வந்ததும் அந்தப் பெண்ணை விளக்கோடு நடக்கவிட்டு, நேற்று வரைந்தது எப்படி வந்திருக்கிறது என்று பார்ப்பேன். யாளி குறுக்கே வந்து உயிரை எடுத்தால் படத்தை நிதானமாகப் பார்க்க முடியாதே என்று, யாளிகள் எல்லாம் தூங்கும்படி எனக்கென்று ஒரு தனி ஏற்பாடு செய்து கொடுத்திருந்தான் நண்பன். வீட்டில் மனைவி பள்ளிக்கூடம் முடிந்து வந்து இரண்டு பேட்ச் டியூஷன் எடுத்தாள். ஹாலில் நியூட்டன் விதி நடந்துகொண்டிருக்கும்போது நான் செருப்பைக் கையில் எடுத்துக்கொண்டு பூனைபோல உள்ளே போவேன். கலைஞனுக்கு எத்தனை தொந்தரவு என்று அப்போது எனக்குக் குறைதான்.

இரண்டாவது வருடம் ஐப்பசிக் கடைசியில் ஒரு வெளிநாட்டுப் பதிப்பாளரிடமிருந்து பதில் வந்தது. படங்களைப் பார்த்து அசந்துவிட்டார்களாம். ஒரே ஒரு சந்தேகமாம்: உங்கள் இரண்டு பேரைத் தவிர இதை யாராவது ஆடியிருக்கிறார்களா? கேம் ஆடிப் பழக்கமில்லாத சாதாரண மனிதர்கள் எட்டுப் பேரை உட்கார வைத்து ஆடச் சொல்லி, வீடியோ எடுத்து அனுப்புங்கள். பாதிப் பேராவது ஒரு மணி நேரத்துக்குள் முதல் கோயிலைத் தாண்டினால் மேற்கொண்டு பேசலாம். எட்டுப் பேருக்கா பஞ்சம், மயிலாப்பூரில் ஒரு கேமராவை வைத்தால் எண்பது பேர் நிற்பார்கள் என்றேன். அடுத்து வந்த ஞாயிற்றுக்கிழமையைக் குறித்தோம். அது கார்த்திகை மாதம் பிறந்து முதல் ஞாயிறு. வீட்டுக்கு வீடு வாசலில் அகல் ஏற்றும் மாதம் என்பது எனக்குத் தெரியாதா என்ன, தெரியும். அறைக்கு ஏறும் படிக்கட்டிலேயே காப்பிக் கடைக்காரர் வைத்த இரண்டு அகல்களைத் தாண்டித்தான் தினமும் இறங்கினேன். அதுவும் இதுவும் ஒன்று என்று மூளையில் உறைக்கவில்லை.

முதலில் உட்கார்ந்தவர் எங்கள் ஃபிளாட் சங்கத்தின் செயலாளர். ரிடையர்டு இன்ஜினியர். திரையைப் பார்த்ததும், "என்ன ஸார், டிவி போயிடுத்தா?" என்றார். இருட்டுதான் ஸார் கேமே என்றேன். "இருட்டைப் பார்க்கறதுக்கு எதுக்கு ஸார் டிவி, ஈபிக்காரன் தினமும் ஃப்ரீயா காட்டறானே" என்று சொல்லிவிட்டு, நான் தடுப்பதற்குள் ரிமோட்டை எடுத்து வெளிச்சத்தை முழுக்க ஏற்றினார். என் இரண்டு வருடக் கறுப்பு சாம்பலாக வெளுத்தது. பல்லைக் கடித்துக்கொண்டு பழையபடி வைத்து, பட்டன்கள் உள்ள கன்ட்ரோலரை அவர் கையில் கொடுத்தேன். பெண் குளத்தில் இறங்கினாள். யாளி திரும்பியது. திரையின் கீழே, 'வட்டப் பட்டன்: விளக்கை ஊது' என்று எழுத்து வந்தது. செயலாளர் அதை உரக்கப் படித்தார். படித்துவிட்டு விளக்கோடு ஓடினார். யாளி கடித்தது. அடுத்த தடவையும் படித்தார், ஓடினார். ஒரு மணி நேரம் இதேதான் நடந்தது.

இரண்டாவது ஆள் பக்கத்துத் தெருவில் இருக்கும் மிருதங்கக்காரர். விரல் என்றால் விரல், அப்படி ஒரு வேகம். யாளியின் பாய்ச்சலைத் தாளம் போட்டு எண்ணி, நாலு யாளிகளை விளக்கோடேயே டபாய்த்தார். அப்படித் தப்பிக்க முடியும் என்று அதுவரை எங்களுக்கே தெரியாது. ஐந்தாவது யாளி அவரை விடவில்லை. வட்டப் பட்டன் பக்கம் அவர் கட்டைவிரல் போகவே இல்லை. மூன்றாவதாக வந்த நர்ஸம்மா நாள் முழுக்க ரத்தம் பார்க்கிறவர். அவர் பட்டன் வரைக்கும் விரலைக் கொண்டுபோனார். "சார், இது சாமி விளக்கு மாதிரி இருக்கே சார்" என்றார். சும்மா படம்தாம்மா என்றேன். "அது தெரியும் சார்" என்று சொல்லி, விரலை எடுத்துக்கொண்டு, மனமொப்பிச் செத்தார்.

கடைசியில் நண்பனின் அம்மாவையே ராயப்பேட்டையிலிருந்து ஆட்டோவில் வரவழைத்தோம். அவர்கள் வீட்டில் சாமி விளக்கு என்று ஒன்று கிடையாது, ஆகவே இதில் ஒரு தடையும் இருக்காது என்பது எங்கள் கணக்கு. அந்த அம்மா முக்கால் மணி நேரம் அமைதியாகச் செத்துவிட்டு, கன்ட்ரோலரை மகன் கையில் கொடுத்தார்கள். "வெளக்க வாயால ஊதச் சொல்றியே, உனக்கு நல்லாவா கீது?" என்றார்கள். மகன் தலையில் கை வைத்துக்கொண்டான். "யம்மா, நம்மளுக்கு இன்னாம்மா அது?" "எதிர்வூட்டு அம்மா நாப்பது வருசமா சொல்லிக்கினே கீறாங்க, ஊதாதே ஊதாதேன்னு. பழகிடுச்சிடா." எட்டுப் பேரில் ஒருவர்கூட முதல் கோயிலைத் தாண்டவில்லை. மிருதங்கக்காரர் மட்டும் இறங்கும்போது, ஆட்டம் பிரமாதம், ஆனால் கொஞ்சம் காலப்பிரமாணம் உதைக்கிறது என்றார்.

எனக்கு வந்த கோபம் சொல்லி மாளாது. சாமி விளக்கு என்பதெல்லாம் சாக்கு, எழுத்துதான் ஜனங்கள் கண்ணில் படவில்லை என்று முடிவுகட்டி, 'விளக்கை ஊது' என்பதை இரண்டு மடங்கு பெரிதாக்கினேன். அடுத்த ஞாயிறு வேறு எட்டுப் பேர். அதே கதை. எழுத்தை நாலு மடங்காக்கி, மின்னவும் வைத்தேன். என் யாளியின் பிடரியே அதற்குப் பின்னால் மறைந்துபோயிற்று. மூன்றாவது ஞாயிறு ஒரு மாமி கைதவறி வட்டப் பட்டனை அழுத்திவிட்டு, "சிவ சிவா" என்று கன்னத்தில் போட்டுக்கொண்டார். யாளி அவரைத் தாண்டிப் போயிற்று. முதல் கோயில் எதிரே திறந்து கிடந்தது. அவர் கன்ட்ரோலரைக் கீழே வைத்துவிட்டார். பதினைந்து வருடம் உலகம் முழுக்க ஜனங்களைப் பயமுறுத்திய எனக்கு மயிலாப்பூரில் ஒரு அகலை அணைக்க ஆள் கிடைக்கவில்லை. பொங்கலுக்கு ஐந்து வாரம் இருந்தது.

அன்று சாயங்காலம் வீட்டுக்கு வந்து ஒரு பாட்டம் கத்தினேன். மூடநம்பிக்கை, படித்தும் பிரயோஜனமில்லை, பிறந்தநாள் கேக்கில் மட்டும் கன்னம் உப்ப ஊதத் தெரிகிறதே என்றெல்லாம். மனைவி கேட்டுக்கொண்டே இருந்துவிட்டு, "அது மெழுகுவத்தி. எங்கே, கொண்டா. நான் ஆடறேன்" என்றாள். எனக்கு உயிர் வந்தது. கிரகணத்தன்று சாப்பிட்டுக்கொண்டே மாமியார் வீட்டுக்குப் போன் செய்தவள் அவள். ராகு காலம் பார்க்கிறவர்களை வீட்டுக்குள் விடவே யோசிப்பவள். பரீட்சைப் பேப்பர் கட்டை ஓரமாக வைத்துவிட்டு உட்கார்ந்தாள். இருபத்து மூன்று தடவை செத்தாள்.

"அந்தப் பட்டனை அழுத்தேன்" என்றேன்.

"அழுத்தணும்னுதான் பாக்கறேன்."

"என்ன தடுக்கறது உன்னை? நீயா சாமி கும்பிடறவ?"

"கும்பிடலை. ஆனா கை வரலை. தெரியலை, கை வரலை" என்றாள். அவள் முகத்தில் நிஜமாகவே ஆச்சரியம் இருந்தது. எனக்கு அவள்மேல் அப்படி ஒரு எரிச்சல் வந்தது; அவளைப்போல ஒருத்தியே இப்படி என்றால் என் கேம் எப்படி விளங்கும் என்று சாப்பிடாமல் படுத்தேன்.

மறுநாள் அறைக்குப் போய் அதே பிரசங்கத்தை நண்பனிடம் ஆரம்பித்தேன். அவன் டீயைக் குடித்துக்கொண்டே கேட்டான். பிறகு கம்ப்யூட்டரை என் பக்கம் திருப்பினான். இரண்டு வருடமாக யார் எந்தப் பட்டனை எத்தனை தடவை அழுத்தினார்கள் என்று கேம் தானாகவே ஒரு பதிவு வைத்திருக்கிறது. அது எனக்குத் தெரியாது.

"இது நான் ஊதினது. பாரு, எவ்ளோ பெரிய நம்பர் கீது. இது நீ ஊதினது."

என் பெயருக்கு எதிரே பூஜ்யம் இருந்தது.

"பதிவுல ஏதோ தப்பு" என்றேன்.

"தப்பெல்லாம் இல்ல மச்சி. யாளியத் தூங்க வெச்சிட்டு, வெளக்க வெச்சிக்கினு ஒன் படத்த நீயே பாத்துக்கினு இருந்த. ஒரு தபா கூட ஊதல. அத்த வுடு, ஊதற மாரி படம் கேட்டு எத்தினி மாசமா உன் கால்ல வுழறேன். அடுத்த வாரம், அடுத்த வாரம்னு சொல்ற. இன்னிக்கி வரைக்கும் நான் கிறுக்கின பொம்மதான் ஊதிக்கினு கீது."

உண்மை. அந்தப் பெண்ணுக்குப் பதினாலு அசைவுகள் வரைந்திருந்தேன். குனிவாள், தவழ்வாள், ஈரத் தலையை உதறுவாள். ஊதுவது மட்டும் பாக்கி. நேரமில்லை என்றுதான் நானும் நினைத்துக்கொண்டிருந்தேன். ஒரு வாதத்துக்காக அப்போதே கன்ட்ரோலரை எடுத்தேன். யாளி வந்தது. கட்டைவிரல் வட்டப் பட்டனின்மேல் போய் உட்கார்ந்தது. உட்கார்ந்தே இருந்தது. யாளி என்னைக் கடித்தது. நண்பன் டீ டம்ளரைக் கழுவ எழுந்து போனான். மூடநம்பிக்கையைப் பற்றி முந்தின நாள் நான் பேசியதெல்லாம் கூசக் கூச நினைவுக்கு வந்தது.

அன்று விளக்கு வைக்கும் நேரத்தில் வீட்டில் இருந்தேன். மனைவிக்குச் சாமி இல்லை, ஆனால் அவள் அம்மா கொடுத்த விளக்கு இருக்கிறது. அது தினமும் எரியும். பரீட்சை வைத்துக் கேட்டால்கூட அதற்கு அவளிடம் பதில் கிடையாது. கொஞ்ச நேரம் கழித்து ஒரு பூக்காம்பை எடுத்து, எரியும் திரியை மெல்ல எண்ணெய்க்குள் இழுத்துவிட்டாள். சுடர் சின்னதாகி, நீலமாகி, தன்னால் அடங்கியது. நான் வாயைப் பிளந்துகொண்டு பார்த்தேன்.

"இப்படியா அணைப்பே?"

"மலையேத்தறதுன்னு சொல்லு. பதினாறு வருஷமா இந்த ஆத்துல இருக்கே, ஒரு நாள்கூடப் பாத்ததில்லையா?"

பார்த்ததில்லை. இருட்டை வரைவதில் நிபுணன் என்று பெயர் வாங்கியவன், என் வீட்டில் இருட்டு எப்படி வருகிறது என்று அன்றுதான் பார்த்தேன்.

ஊதுவதைத் தூக்கினோம். அந்தப் பெண் இப்போது விரலால் திரியை எண்ணெய்க்குள் இழுப்பாள். அதற்கு முழுசாக இரண்டு விநாடி ஆகும். யாளி வரும் வேகத்தில் இரண்டு விநாடி என்பது ஒரு யுகம். ஆட்டம் முன்னைவிடப் பயங்கரமாகிவிட்டது. இதை வரைந்து சேர்க்க மூன்று வாரத்துக்கு மேல் ஆயிற்று; பிறகு வந்த ஞாயிறு, நாலாவது தடவையாக எட்டுப் பேர் வந்தார்கள். கையெல்லாம் வேர்க்க, பல்லைக் கடித்துக்கொண்டு திரியை இழுத்தார்கள். செத்தார்கள், மறுபடி இழுத்தார்கள். ஆறு பேர் முதல் கோயிலைத் தாண்டினார்கள். செயலாளர் தானாகவே வந்து மறுபடி உட்கார்ந்து, இரண்டாவது கோயில் வரை போய், "ஸார், இதுல ஒரு பொறுமை வேண்டியிருக்கு ஸார்" என்று யாரோ தனக்குப் பட்டம் கொடுத்த மாதிரி எழுந்துபோனார். வீடியோவை அனுப்பினோம். பொங்கலுக்குப் பத்து நாள்.

பதிப்பாளர் தரப்பில் ஒரு பெண்மணி வீடியோ காலில் வந்தார். எங்கள் கண்முன்னே ஆடினார். திரியை இழுக்கும் அந்த இரண்டு விநாடிக்குள் செத்தார். அதே இடத்தில் பன்னிரண்டு தடவை. பிறகு மிக மரியாதையாகக் கேட்டார்: எல்லாம் அற்புதம், ஆனால் இந்தப் பெண் ஏன் விளக்கை வாயால் ஊதிவிடக் கூடாது? ஒரு நொடி வேலைதானே? எங்கள் ஊர் ஆட்டக்காரர்களுக்கு இந்தத் தாமதம் ஒரு கோளாறாகத்தான் தோன்றும். ஊதுவதைச் சேர்த்துவிட்டால் ஒப்பந்தத்தை நாளைக்கே அனுப்புகிறேன்.

எனக்குக் கோபம் ஜிவ்வென்று ஏறியது. கார்த்திகையில் ஆரம்பித்து, எதிர்வீட்டு அம்மா வரைக்கும் ஒரு மணி நேரம் பேச விஷயம் இருந்தது. வாயைத் திறந்தேன். மேஜைக்கடியில் நண்பன் என் காலை மிதித்தான். பழைய சீட் ஞாபகம் வந்தது. ஏசியில் அடுத்தவன் கல்லறைகள் வரிசையாக நின்றன. "தாராளமாக. நாலு நாளில் சேர்த்துவிடலாம்" என்றேன். என் குரல் அவ்வளவு பணிவாக இருக்கும் என்று எனக்கே தெரியாது.

நண்பன் திரியை இழுப்பதையும் எடுக்காமல் விட்டான். முக்கோணப் பட்டன் திரிக்கு, வட்டப் பட்டன் ஊத; அவரவர் இஷ்டம். ஊதும் அசைவை நான் வரைந்துதான் ஆகவேண்டும். அவனையே மாதிரியாக உட்கார வைத்தேன். கதவைச் சாத்திக்கொண்டு, நிஜ அகலை ஏற்றி, அவன் ஊதினான். கேமில் பல்லாயிரம் தடவை ஊதியவனுக்கு நிஜ விளக்கை ஊதுவது அதுதான் முதல் தடவையாம். "எங்கம்மாவாண்ட சொல்லிடாத" என்றான். ஆகவே, புதைந்த ஏழு கோயில்களில் தனியாக நடக்கும் என் கதாநாயகி, ஊதும்போது மட்டும் ராயப்பேட்டை ஆண்பிள்ளை ஒருவனுடைய கன்னத்தோடு ஊதுகிறாள்.

போகியன்று ஒப்பந்தம் வந்தது. வீட்டுக்கு ஓடினேன். மனைவி சமையலறையில் பழைய டப்பாக்களைக் கழித்துக்கொண்டிருந்தாள். நான் சொல்லச் சொல்லக் கேட்டாள். "கையெழுத்து ஆயிடுத்தா? நிஜமா?" என்று இரண்டு தடவை கேட்டாள். "சந்தோஷம்" என்றாள். கண் கலங்கியிருந்தது. என் வெற்றி அவளை இவ்வளவு உருக்கியிருக்கிறதே என்று எனக்கும் நெகிழ்ந்துவிட்டது. அந்த வருடம் பொங்கல் அமர்க்களமாக நடந்தது. பிறகு கேமை முடித்துக் கொடுக்க ஆறு மாதம் ராப்பகலாக வேலை. பதிப்பாளர் கொடுத்த முன்பணம் அறை வாடகைக்கும் மெஷினுக்குமே சரியாக இருந்தது. வீட்டுக்கு இன்னும் அவள் சம்பளமும் டியூஷனும்தான்.

ஆடி மாதம் கேம் வெளியானது. அடுத்த ஞாயிறு மத்தியானம் சாப்பிட்டுவிட்டு, "ஆடிப் பாக்கறேன்" என்று மனைவி சோபாவில் உட்கார்ந்தாள். நான் பின்னால் நின்றேன். உலகம் முழுக்க எல்லாரும் ஊதிக்கொண்டிருந்தார்கள். பதிவைப் பார்த்து நண்பன் தினமும் சொல்வான். முக்கோணப் பட்டனைத் தொடுகிறவர்கள் எங்கேயோ ஒருத்தர் இரண்டு பேர். அவர்களில் நானும் ஒருவன். இவளும் நம் கட்சி என்று எனக்கு உள்ளூர ஒரு தெம்பு. முதல் இரண்டு கோயில்களில் அழகாகத் திரியை இழுத்துப் போனாள். மூன்றாவது கோயிலில் யாளிகள் ஜோடியாக வரும். இரண்டு விநாடி போதவில்லை. எட்டுத் தடவை செத்தாள். ஒன்பதாவது தடவை கட்டைவிரலை நகர்த்தி ஊதிவிட்டாள்.

"ஐயோ" என்றேன்.

"என்ன?"

"ஊதிட்டியே. கை வரலைன்னு சொன்னியே."

"அப்போ வரலை" என்றாள். திரை முழுக்கக் கறுப்பு. என் தூண், என் யாளி, மூன்று வாரப் பிடரி, ஒன்றுமே தெரியவில்லை. அந்தப் பெண்ணின் காலடிச் சத்தம் மட்டும் கேட்டது. மனைவி வாய்க்குள் எண்ணிக்கொண்டே நடத்தினாள்: ஏழு, எட்டு, இடது பக்கம், ஒன்று, இரண்டு. ஒரு இடத்திலும் முட்டவில்லை.

"எப்படி இவ்வளவு சரியா போறே?" என்று கேட்டேன்.

"உனக்கென்ன, ரெண்டு வருஷமா விளக்கைப் பிடிச்சுண்டு படம் பாத்துண்டிருந்தே. ஆத்துல யாராவது ஒருத்தர் இருட்டுல நடந்துதானே ஆகணும்." கோபமே இல்லை அந்தக் குரலில். கண் திரையை விட்டு நகரவில்லை. காய்காரரிடம் மீதிச் சில்லறை சரியாக இருக்கிறதா என்று கேட்பவள்போலத்தான் சொன்னாள்.

எனக்கு அப்போதுதான் ஜூன் ஞாபகம் வந்தது. ஜூன் போய் ஒரு மாதம் ஆகியிருந்தது. பொங்கலுக்கு நான் ஜெயித்தபோதே அவள் லீவு தோற்றுவிட்டது என்று கணக்குப் போட பெரிய படிப்பு ஒன்றும் வேண்டாம். அந்தக் கண் கலங்கியது எதற்கு என்று ஆறு மாதம் கழித்து நின்ற இடத்தில் புரிந்தது.

"உன் தீசிஸ்?" என்றேன்.

"ஜூனோட முடிஞ்சு போச்சு. லெட்டர் வந்தது."

"என்கிட்ட சொல்லவே இல்லையே."

"நீ வேலையா இருந்தே" என்றாள். இன்னும் நாலு அடி எண்ணினாள். பிறகு நின்று, பட்டனை அழுத்தி விளக்கை ஏற்றினாள். நாலாவது கோயில். சுவர் முழுக்க நான் வரைந்த சிற்பங்கள் மஞ்சளும் சிவப்புமாக ஒவ்வொன்றாகத் தெரிய ஆரம்பித்தன. அவள் கன்ட்ரோலரை மடியில் வைத்துக்கொண்டு கொஞ்ச நேரம் பார்த்தாள்.

"நன்னா வரைஞ்சிருக்கே" என்றாள்.